நரம்பெடுத்த பல்லும் வலிக்கும்



"நரம்பெடுத்த பல்லு எப்புடி புள்ள வலிக்கும்?" என்று அக்கா கேட்டார். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு பல்லை இழந்தேன். உங்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு கொஸ்லந்தவிலிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2006 யூன் மாதம் வவுனியாவில் என் மேல் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்தார்கள். "இந்தப் பல் இனி லேசில் வெடிக்கும். இரண்டு மாதத்தில் வந்து மேலே கேப் போட வேண்டும்" என்றார் டொக்டர். அந்த ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. அதற்குப் பிறகு பல்லை யார் நினைத்தார்கள்? 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது பல்லில் அடைத்திருந்ததின் ஒரு மூலை உடைந்து விழுந்தது. வலிக்கவில்லை. வலிக்காதபடியால் விட்டுவிட்டேன். அடுத்த வருடம் கொஸ்லந்தவுக்கு அக்காவிடம் வந்து சேர்ந்தேன்.

போன வருடம் அந்தப் பல்லுக்கு மேலே கடுகளவு கொப்புளம் ஒன்று வந்தது. கிளிநொச்சியில் முரசு என்போம், இங்கே ஈறு என்கிறார்கள், அந்த இடத்தில்தான். அது தானாக உடையும், வாயில் கெட்ட ருசி வரும், பிறகு ஆறிவிடும். சில வாரத்தில் திரும்பவும் வரும். கடித்தால் மட்டும் வலி. பெனடோல் போட்டேன். கிருமிக்கு மருந்து வாங்கிக் குடித்தேன். குறைந்தது, திரும்பவும் வந்தது. ஒரு நாள் விடியும்போது கன்னம் கண்ணுக்குக் கீழே வரை வீங்கியிருந்தது. அன்றைய பேர் போனாலும் பரவாயில்லை என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு பெரகல, அப்புத்தளை வழியாகப் பதுளைக்குக் கூட்டிப் போனார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, நேர்ஸ் தமிழில் விளக்கினார். வேர்ச்சிகிச்சையில் பல்லுக்குள் இருக்கும் நரம்பையும் இரத்தக் குழாயையும் எடுத்துவிட்டு, ரப்பரைப் போல மரப்பாலிலிருந்து வரும் ஒரு பொருளால் வேரை அடைக்கிறார்கள். ஆகவே பல்லுக்குள் வலி தெரியாது. ஆனால் வேரைச் சுற்றியுள்ள எலும்புக்கும் தசைக்கும் நரம்பு உண்டு. கிருமி வேர் நுனியால் வெளியே போனால் அங்கேதான் வலிக்கிறது, சீழ் பிடிக்கிறது.

பழைய வேர்ச்சிகிச்சை கெட்டுப்போகப் பல காரணங்கள் உண்டு. மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும் நான்காவதாக ஒரு நுண்ணிய குழாயும் பலருக்கு இருக்கும், அது தப்பியிருக்கலாம். அடைத்தது உடைந்து எச்சிலோடு கிருமி இறங்கலாம். புதிதாகச் சொத்தை வரலாம். வேரே வெடிக்கலாம். இரத்த ஓட்டம் இல்லாத பல்லுக்குள் மருந்து போய்ச் சேராது. அதனால்தான் மாத்திரை குடித்தால் குறைந்து, பிறகும் வருகிறது.

இதற்கு மூன்று வழி உண்டு என்றார்கள். ஒன்று, பழையதை எடுத்துவிட்டு வேரை மறுபடி சுத்தம் செய்து அடைப்பது. இரண்டு, ஈறைக் கீறி வேர் நுனியை வெட்டி மூடுகிற சிறிய ஒப்பரேஷன். மூன்று, பல்லை எடுப்பது. எனது பல்லின் வேர் நீளவாக்கில் வெடித்திருந்தது. எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூலை உடைந்த காலத்திலேயே வந்திருந்தால் திரும்ப அடைத்து, கேப் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பேசவேயில்லை.

சகோதரிகளே, வேர்ச்சிகிச்சை செய்த பல் உங்களுக்கும் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

அடைத்தது உடைந்தாலோ, கேப் கழன்றாலோ, வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

ஈறில் கொப்புளம் வந்து வந்து போனால் அது ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பல், எந்த வருடம் சிகிச்சை செய்தது என்று முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பம், நீரிழிவு, இருதய நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். வளர்ந்தவர்கள் பெனடோல் ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும். அஸ்பிரினை ஈறில் வைத்தால் அது வெந்துவிடும்.

வீக்கம் தாடைக்குக் கீழே அல்லது கழுத்துக்கு இறங்கினாலோ, கண்ணை மூடும் அளவுக்கு ஏறினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க, விழுங்க, மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவென்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உயிருக்கே ஆபத்து.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசில்லை. வேர்ச்சிகிச்சைக்குப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டி வரலாம். அதனால்தான் வீங்கும் முன்பே போகச் சொல்கிறேன்.

எவ்வளவோ பட்டுவிட்டோம், ஒரு பல் என்ன பெரிய காரியம் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளைக்கு வலித்தால் அன்றே ஓடுகிறோம், எங்களுக்கு என்றால் நாளைக்கு என்கிறோம். எனக்கு அந்த நாளைக்கு பதினைந்து வருடம் ஆனது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.