சிணுங்குகிறவள் முன்னே நடக்கட்டும்

காங்கரியா,
கட்வால் இமாலயம்,
ஆகஸ்டு மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு இமயமலையில் கால்நடையாக ஏறுவது விவேகமான காரியந்தானா, அதனால் உடல் வலியைத் தவிர வேறென்ன லாபம் கிட்டும் என்று நாங்கள் புறப்படுமுன் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பூக்களின் பள்ளத்தாக்கையும் ஹேமகுண்ட ஏரியையும் தரிசித்துவிட்டுத் திரும்பி, மழை விடாமல் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருக்கும் இந்த விடுதியில் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கும்போது, உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுவதைவிட உசிதமான வேலை எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் செல்லும் மலைச்சாலை, பாகீரதியும் அளகநந்தாவும் கூடிக் கங்கை என்று பெயர் பெறும் தேவப்பிரயாகையைத் தாண்டி, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு சங்கமமாக நதியை எதிர்த்துக்கொண்டே மேலேறுகிறது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிலம் தாழ்ந்து பல வீடுகள் வெடிப்புக் கண்ட ஜோஷிமடத்தையும், அதற்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் விஷ்ணுப்பிரயாகையையும் கடந்து இன்னும் சற்றுத் தூரம் போனால் கோவிந்தகாட் வருகிறது. அங்கிருந்து புல்னா என்ற சிற்றூர் வரையில் ஜீப் போகும். அதற்கப்பால் சக்கரத்துக்கு வேலையில்லை. லட்சுமண கங்கையின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே சுமார் பத்து கிலோமீட்டர் ஏறினால், கிட்டத்தட்ட 10,000 அடி உயரத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஒரே தெருவும் அதன் இரு மருங்கிலும் விடுதிகளும் ஒரு குருத்துவாராவுமாக இந்தக் காங்கரியா இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துப் பெருவெள்ளம் இந்தப் பாதையைச் சின்னாபின்னமாக்கிவிட்டுப் போனது. பிறகு கல் பாவித் திரும்பவும் அமைத்திருக்கிறார்கள்.

பாதையில் தனிமை என்பதே கிடையாது. பஞ்சாபிலிருந்து குடும்பம் குடும்பமாக வரும் சீக்கிய யாத்திரிகர்களும், மணியசைத்து வரும் கோவேறு கழுதைகளும், முதுகில் 'கண்டி' என்னும் பிரம்புக்கூடையைக் கட்டி அதற்குள் ஒரு பாட்டியை உட்கார வைத்துச் சுமந்து ஏறும் நேபாளத் தொழிலாளிகளுமாக ஜனசஞ்சாரம் ஓயாமல் இருக்கிறது. இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து, "வாஹே குரு! இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று ஹிந்தியில் உற்சாகப்படுத்துவது இங்குள்ள சம்பிரதாயம். இந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு நடந்தாலும் குறைவதில்லை. "காலையிலிருந்து எல்லாரும் இதையே சொல்கிறார்கள், அப்பா, யாராவது ஒருத்தர் நிஜத்தைச் சொல்லமாட்டார்களா?" என்று ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள். அந்தக் கேள்வி இந்தப் பிரயாணத்துக்கே பொருந்தும் கேள்வியாக அமையும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நிஜத்தைச் சொன்னவர் எங்கள் வழிகாட்டி. புல்னாவைச் சேர்ந்த நடுவயதுக்காரர். கோடையில் யாத்திரிகர்களுக்கு வழி காட்டுவதும் மற்றக் காலத்தில் விவசாயமும் அவருடைய ஜீவனம். நடக்கத் தொடங்குவதற்கு முன்பே எங்களை நிறுத்தி வைத்து, தேநீருக்கு நிற்கும் இடத்திலெல்லாம் மூன்று கேள்விகள் கேட்பேன், தலை வலிக்கிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா, சாப்பிட்டது என்ன என்பவையே அவை, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே பதில் சொல்ல வேண்டும், ஒருவருக்காக மற்றவர் சொல்லக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றிலுள்ள பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், சுமார் 14,200 அடி உயரத்திலுள்ள ஹேமகுண்டத்தின் கரையில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பிராணவாயுதான் உள்ளே போகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். அவகாசம் தராமல் விரைந்தால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று மலைநோய் பற்றுகிறது. அறிகுறி கண்டபின் மேலே ஏறாதிருப்பதும், அது முற்றினால் தாமதிக்காமல் கீழே இறங்குவதுமே இதற்கு முதல் வைத்தியம். அறிகுறிகளை மறைத்துக்கொண்டு ஏறுகிறவனுக்குப் பிராணாபத்தும் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், தேகப்பயிற்சி செய்து உரமேறிய உடம்பு என்பதற்காக இந்த நோய் விலகிப் போவதில்லை. பலசாலி வேகமாக ஏறுவதால் அவனே முதலில் அகப்பட்டுக்கொள்வதும் உண்டு.

இப்போது நம்முடைய குடும்பங்களின் சுபாவத்தைச் சிந்தித்துப் பாருங்கள். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் விரதமிருந்து ஏறுகிற நாம், கஷ்டத்தை வாய் திறவாமல் சகிப்பதையே புண்ணியமாகக் கருதிப் பழகியவர்கள். வீட்டிலும் அதுவே தர்மம். தாய்மார் தம் சோர்வை மறைப்பது தியாகத்தினால். வாலிபர்கள் மறைப்பது அபிமானத்தினால். குடும்பத் தலைவன் என்று பெயர் படைத்தவனோ, எல்லாரும் சௌக்கியமாக இருப்பதாகத் தானே தீர்மானித்துக்கொண்டு, ஒருவரையும் கேட்பதில்லை. காய்ச்சலோடு சமைத்துவிட்டு மறுநாள் அதைச் சொல்கிற தாயை நாம் போற்றுகிறோம். கால் வலிக்கிறது என்று அப்போதைக்கப்போது சொல்கிற குழந்தையைச் சிணுங்கி என்று அதட்டுகிறோம். சமவெளியில் இந்த ஏற்பாட்டினால் உடனடியாகக் கெடுதல் ஒன்றும் தெரிவதில்லை. மலையில் ஒரே காலைப் பொழுதில் தெரிந்துவிடுகிறது.

முதல் தேநீர்க் கடையிலேயே வழிகாட்டி தம் கேள்விகளைத் தொடங்கினார். "எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றாள் என் மனைவி. "அக்கா, என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அவர் விடாமல் கேட்கவும், அவள் தட்டிலிருந்த பராத்தாவில் ஒரு துண்டு மட்டும் அவள் வாய்க்குப் போய், மற்றவை பிள்ளைகளின் தட்டுகளுக்குப் போயிருந்தது வெளிப்பட்டது. கல்லூரியில் கால்பந்து ஆடுகிற என் மகன், எல்லாருக்கும் முன்னால் ஒரு வளைவைத் தாண்டி நின்றுகொண்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அங்கிருந்தே கத்தினான். மகளோ, குதிகால் எரிகிறது, இடது காலணி கடிக்கிறது, தாகமாக இருக்கிறது, தலை மட்டும் வலிக்கவில்லை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். வழிகாட்டி சிரிக்கவில்லை. மண்டியிட்டு அமர்ந்து அவள் காலணியைக் கழற்றி, குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டி, கயிற்றை வேறு விதமாகக் கட்டிவிட்டு, "இனிமேல் இந்தப் பெண் முன்னே நடக்கட்டும், இவளுடைய வேகந்தான் நம் எல்லாருடைய வேகம்" என்றார். வீட்டில் எந்தக் குணத்துக்காக அவள் தினமும் வசவு வாங்கினாளோ, அதே குணத்துக்காக அவளுக்கு மலையில் தலைமைப் பதவி கிடைத்தது.

பூக்களின் பள்ளத்தாக்குக்குள் கோவேறு கழுதைகளை அனுமதிப்பதில்லை. இரவு தங்கவும் கூடாது. 1931-ஆம் ஆண்டு காமெட் சிகரத்தை முதன்முதலாக ஏறி முடித்துத் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரும் அவர் கூட்டாளிகளும் மழைக்கு ஒதுங்கி இங்கே இறங்கியதும், பின்னர் அவர் மறுபடியும் வந்து தங்கிச் செடிகளைச் சேகரித்து 1938-இல் புத்தகம் எழுதியதும் இந்தப் பள்ளத்தாக்கை உலகறியச் செய்தன. உலகம் அறிவதற்கு வெகுகாலம் முன்பே பியூண்டார் கிராமத்து இடையர்கள் இங்கே ஆடு மேய்த்துவந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். 1982-இல் இது தேசியப் பூங்காவாயிற்று, மேய்ச்சல் நின்றது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. மேய்ச்சல் நின்றபின் 'அமேலா' என்னும் செடி ஆள் உயரத்துக்கு மண்டிச் சிறு பூச்செடிகளை நெருக்குகிறது என்று எங்கள் வழிகாட்டி குறைப்பட்டுக்கொண்டு, பாதையோரத்தில் அதைக் காட்டினார்.

பூக்களைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். நீங்களே வந்து பார்க்க வேண்டியவை அவை. மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு என்று சரிவு சரிவாகப் பூத்துக் கிடந்தவற்றுக்கிடையே, ஒரு பாறையின் நிழலில், தண்டெல்லாம் முள்ளாக, பட்டுத்துணி போல் மெல்லிய இதழ்களில் மழைத்துளி தங்கி நிற்க, ஒரே ஒரு நீலப்பாப்பி இருந்தது. முன்னே நடந்த சிறுமி மெதுவாக நடந்ததனாலேயே அது எங்கள் கண்ணில் பட்டது. உள்ளே சற்றுத் தூரத்தில், செடிகளைச் சேகரிக்க வந்து 1939-இல் பாறையிலிருந்து வழுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. மலையின் சௌந்தரியத்தில் மயங்கி நிற்கும் யாத்திரிகனுக்கு அதன் மறுமுகத்தையும் நினைவூட்ட அந்தக் கல் ஒன்று போதும்.

ஹேமகுண்டம் வேறு விதமான பரீட்சை. காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரத்துக்குள் நாலாயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். குரு கோவிந்த சிங் முற்பிறவியில் தவம் செய்த இடம் என்று சீக்கியர்கள் போற்றும் ஏரி அது. அங்கும் இரவில் தங்க இடமில்லையாதலால் பிற்பகலுக்குள் இறங்கிவிடவேண்டும் என்று விடிவதற்கு முன்பே கிளம்பினோம். கடைசியாகப் பாதை இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்படிகளாகச் செங்குத்தாக எழும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு கடையில் நின்றோம். வழிகாட்டி வாய் திறக்கும் முன்பே மகள், "அண்ணன் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்திருக்கிறான், தின்னவே இல்லை" என்றாள். அவன் முகம் வெளுத்திருந்தது. "ஒன்றுமில்லை" என்றான். அப்போது என் மனைவி, நான் அவளிடம் இத்தனை வருஷங்களில் கேட்டிராத வார்த்தையைச் சொன்னாள்: "எனக்குத் தலை வலிக்கிறது. ஒரு மணி நேரமாகவே வலிக்கிறது. இதற்குமேல் என்னால் ஏற முடியாது, நான் இறங்குகிறேன்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் மன்னிப்புக் கேட்கும் தொனி கொஞ்சமும் இல்லை. சற்று நேரம் மௌனமாக இருந்த மகன், "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அம்மா, வழியில் ஒரு தடவை வாந்தியும் எடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டான். தாய் முதலில் சொன்னதனால் அவனுக்குச் சொல்ல முடிந்தது. வழிகாட்டி அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். நானும் மகளும் யாத்திரிகர் கூட்டத்தோடு மேலே போனோம்.

ஏழு சிகரங்கள் சூழ்ந்து நிற்கும் அந்த ஏரியின் கரையில், பனிக்கட்டிக்கு ஒப்பான தண்ணீரில் வயோதிகர்களும் மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள். குருத்துவாராவின் லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் யாரென்று கேளாமல் எவருக்கும் கிச்சடியும் சூடான தேநீரும் கொடுக்கிறார்கள். கிண்ணத்தை இரு கைகளாலும் பற்றியபடி, "அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இது கிடைக்காமல் போய்விட்டதே" என்று மகள் வருத்தப்பட்டாள்.

நாங்கள் கீழே வந்து சேர்ந்தபோது இருவரும் தேறியிருந்தார்கள். இறங்க இறங்கவே தலைவலி தணிந்துவிட்டதாம். மகன் ஏரி தரிசனம் தவறிப்போனதைப் பற்றிப் பெரிதாகப் புலம்பவில்லை. இரவு உணவின்போது அவன் தன் தாயாரிடம், "இப்போது தலை எப்படி இருக்கிறது? சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்?" என்று விசாரித்ததை நான் கவனித்தேன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு விசாரணை பிறந்து நான் கேட்டதில்லை. கேட்டவுடன் அவளும் மழுப்பாமல் பதில் சொன்னாள்.

பிரயாணம் மனிதனை வளர்க்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சிகரத்தை ஜயித்து அகங்காரத்தை வளர்த்துக்கொண்டு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், அந்த வாக்கியத்தை நான் முழுதும் ஒப்புவதில்லை. குடும்பத்தோடு மலையேறுவதன் பயன், என் அபிப்பிராயத்தில், ஒருவருடைய பலவீனத்தை மற்றவர் கேட்டறிந்து, அதற்காக அவரைத் தாழ்வாக எண்ணாமல், அதற்கேற்றபடி எல்லாரும் தங்கள் நடையை மாற்றிக்கொள்ளக் கற்பது ஒன்றுதான். வீட்டில் எத்தனை உபதேசம் செய்தாலும் இது வருவதில்லை. இங்கே மலை அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், வாருங்கள் என்பதே. பள்ளத்தாக்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் திறந்து அக்டோபர் இறுதியில் மூடப்படும். பூக்களுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு முடிய உத்தமமான காலம், ஆனால் அது மழைக்காலம், பாதை சரிந்து நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காங்கரியாவில் ஒரு நாளாவது அதிகமாகத் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, அதன் பிறகே ஹேமகுண்டத்துக்கு ஏறுங்கள். கிளம்புவதற்கு முன், உங்கள் மனைவியாரிடமும் தாயாரிடமும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "எனக்கென்ன" என்றுதான் முதலில் பதில் வரும். அதை ஏற்றுக்கொள்ளாமல் இன்னொரு முறை கேளுங்கள்.

தங்கள் அன்புள்ள,
நண்பன்.