மாண்ட்ரீலில் ஒரு கார் தேடல்

கனடா நாட்டின் மாண்ட்ரீல் நகரில், புனித சூசையப்பர் திருத்தலம் அமைந்த மலைச்சரிவை ஓர் அக்டோபர் மாலையில் இரவல் காரில் சுற்றி வந்தோம். ஓட்டியவர், சென்னையிலிருந்து பணியின் பொருட்டு அங்குக் குடியேறிய நம் பங்கு இளைஞர். கூரையைத் திறந்து மடிக்கும் மாஸ்டா மியாட்டாவின்மீது அவருக்குத் தீராத ஆசை. "சாமி, கார் என்றால் ஓட்டும்போது மனம் துள்ள வேண்டாமா?" என்றார். நாம் குறை கூறவில்லை. இளமையில் நாமும் புல்லட்டுக்கு ஏங்கியதுண்டு!

ஆனால் டிசம்பரில் மனைவியும் கைக்குழந்தையும் வரவிருந்தனர். மியாட்டாவிலோ இரண்டே இருக்கைகள். தரையோடு தாழ்ந்த அவ்வண்டி, குவிந்த பனியில் எளிதில் சிக்கிவிடும். சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடும்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சுபாருவை நண்பர்கள் பரிந்துரைத்தனர். அவ்வமைப்பு வழுக்கும் சாலையில் புறப்பட உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவதற்கு டயரின் பிடிப்பே துணை. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. குளிர்கால டயரோ இளக்கமாகவே இருக்கும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக் மாகாணச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியிருப்பது வீணன்று.

இறுதியில், கையால் கியர் மாற்றும் பழைய வோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஒன்றை வாங்கினார்; மிச்சப் பணத்தில் குளிர்கால டயர்கள் நான்கு. வளைவுகளில் கியரை மாற்றுகையில் அவர் முகத்தில் அதே துள்ளல்! கழற்றிய டயர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. நாற்காலி இன்னும் வாங்காமையால், அவற்றின்மேல் அமர்ந்தே தேநீர் அருந்தினோம்.