பாசியிலும் பல வகை

நெற்களஞ்சியமாம் தஞ்சையில் பிறந்தும், வயல்நீரில் படரும் பாசியை வெறும் அழுக்கென்றே எண்ணியிருந்தோம். காற்றிலுள்ள நைட்ரஜனை நெல்வயலுக்குத் தழைச்சத்தாக்கித் தருபவை நீலப்பச்சைப் பாசிகளே என்று பி. கே. டே என்ற அறிஞர் 1939-இல் நிறுவியதை எங்கள் அறிவியல் சிஸ்டர் கூறியபோது வியந்தோம்.

உடனே பள்ளிக் கண்காட்சிக்காக இரு தொட்டிகளில் நாற்று நட்டோம். ஒன்றில் குளத்துப் பாசியை அள்ளிப் போட்டோம். பத்தே நாளில் அது நாற்றுகளைச் சுற்றிச் சாய்த்துவிட்டது! எங்கள் தோழியின் தந்தை ஓர் உழவர். "நூலாட்டம் இருக்கிற இந்தப் பாசியை நாங்க அரிச்சுக் கரையில போட்டுடுவோம்மா" என்று சிரித்தார். நாங்கள் தலைகுனிந்தோம்.

சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை, நுண்ணோக்கியைத் தந்தார். பல வயல்களின் பாசியைக் கொணர்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். குளத்துப் பாசி வெறும் பச்சை இழை. வயல் பாசி ஒன்றிலோ மணிமாலை போன்ற செல்கள். இடையிடையே வெளிறிய பெரிய மணி. நைட்ரஜனைப் பிடிக்கும் அறை அதுவே! அந்தப் பாசியின் பெயர் நாஸ்டாக். அதன் உறவான அனபீனா, அசோலாவின் இலைக்குழியில் குடியிருக்கிறது.

இவ்வாறு தேர்ந்தெடுத்து வளர்த்து உலர்த்திய பாசியை, நடவு செய்த பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ தூவுவார்கள். நன்கு வளர்ந்தால் ஒரு போகத்துக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து சேரும். யூரியாச் செலவு குறையும்.

கண்காட்சியில் தோற்ற தொட்டியையும் வைத்தோம். பரிசு கிட்டவில்லை. ஆனால் தோழியின் தந்தை நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த நடவுக்கு ஒரு மாவுல தூவிப் பாக்கிறேம்மா" என்றார். அதைவிடப் பெரிய பரிசு எங்களுக்கு வேறேது?