லுங்கியின் சொந்த ஊர்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற பிரம்மச்சாரிகளுக்கென்று ஒரு தேசிய உடை உண்டு. ஆறு நாள் யூனிஃபார்ம். ஏழாவது நாள் கட்டம் போட்ட லுங்கி. காலையில் டீக்கடை, மதியம் மெஸ், சாயங்காலம் மொட்டை மாடி... மூன்றுக்கும் அதே லுங்கிதான்!

என் லுங்கியில் 'பாளையக்காட்' என்று லேபிள் ஒட்டியிருந்தது. "அது பாலக்காடுய்யா, கேரளா சரக்கு" என்று ரூம்மேட் பிரியாணிக்குப் பந்தயமே கட்டினார். பந்தயத்தைக் கெடுத்தவன் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிற ஒரு பையன். "அண்ணே, அது எங்க ஊரு. பழவேற்காடு. வெள்ளைக்காரன் வாயில நுழையாம அப்படி ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டுறேன்" என்றான்.

கிளம்பிவிட்டேன். மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் பொன்னேரி. அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர். வயல், பனைமரம், இறால் பண்ணை என்று ஜன்னலில் காட்சி மாற மாற, மூக்கிலும் வாசனை மாறுகிறது. கருவாட்டு வாசனை பலமாக வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். கண்டக்டர் விசில் தேவையில்லை!

இன்றைக்குப் பார்த்தால் மீன் மார்க்கெட்டும் நாலு டீக்கடையும் உள்ள சின்ன ஊர். ஆனால் 400 வருஷத்துக்கு முன்னால் இது கிழக்குக் கரையின் பெரிய சந்தை. போர்த்துக்கீசியர்கள் முதலில் வந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள். 1613-ல் இங்கே கோட்டை கட்டி, தங்கள் நாட்டு மாகாணத்தின் ஞாபகமாக 'கெல்டிரியா' என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பக்கத்தில் நெய்த துணியை ஏற்றிக்கொண்டு போய் ஜாவா, சுமத்ரா பக்கம் விற்று, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவார்கள். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலேகட்' என்றுதான் பெயர். அந்த 'பெலேகட்' வேறு யாருமில்லை, நம்ம பழவேற்காடுதான்!

துணி மட்டுமா போனது? பஞ்சத்திலும் சண்டையிலும் சிக்கிய ஜனங்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள், ஆயிரக்கணக்கில். கிராம்பு வாசனைக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

இங்கிலீஷ்காரர்களும் இங்கே கடை போட ஆசைப்பட்டார்கள். டச்சுக்காரர்கள் விடுவார்களா? அவர்கள் வடக்கே துர்கராஜபட்டினத்துக்குப் போய், அதுவும் சரிப்படாமல், 1639-ல் தெற்கே மணல்வெளியில் ஓர் இடம் பிடித்தார்கள். அதுதான் மதராஸ். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால், இன்றைக்கு நாம் சென்ட்ரல் ஸ்டேஷனை இங்கே தேடிக்கொண்டிருப்போமோ என்னவோ!

"கோட்டை எங்கேப்பா?" என்றேன். முள்ளுச்செடிப் புதர் ஒன்றைக் காட்டினான். அவ்வளவுதான் மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் ஜம்மென்று இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். மூன்று நாள் தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்த்து வெளியே வருகிற எங்கள் ஆட்களின் சாயல் அப்படியே இருந்தது.

ஏரிக்கரைக்குப் போனோம். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பு ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடப்பது ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா தீவு. "படகுல ஒரு ரவுண்டு..." என்று ஆரம்பித்தேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பையனின் அப்பா நிமிரக்கூட இல்லை. "வேணாம் தம்பி. கரையில இருந்தே பாருங்க." 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஏரி இது. மறுபடி கேட்கவில்லை.

எனக்குக் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை. ஷிப்ட் சார்ட் போடுவதுதான் என் பிழைப்பு. பெரியவரோ மனசிலேயே ஒரு சார்ட் வைத்திருக்கிறார். இங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருத்தருக்கே போகாது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. பல தலைமுறைகளாக நடக்கிறது, பஞ்ச் கார்டு இல்லாமலே!

"இவன் சிப்காட்டுக்கு வந்தது உங்களுக்கு வருத்தமா ஐயா?" என்றேன்.

பையன் முந்திக்கொண்டான். "ஏரியில ஒரு நாள் வரும், ஒரு நாள் வராதுண்ணே. கம்பெனியில ஏழாம் தேதி ஆனா வந்துடும்."

பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரும்டா. நாளையிலேர்ந்து வராதேன்னு சொல்றவரைக்கும் வரும். இங்க என் முறைன்னா என் முறைதான். எவனும் வராதேன்னு சொல்ல முடியாது."

பையன் பேசவில்லை. நானும்தான். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற லிஸ்ட் டைப் ஆவது என் மேஜையில்!

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவரே சொன்னார்: "அவன் சொல்றதும் நெசந்தான் தம்பி. முகத்துவாரம் மணல் மூடிக்கிச்சுன்னா கடல் தண்ணி உள்ள வராது. தண்ணி வரலேன்னா இறால் வராது. முறை வந்து என்ன பண்றது? கடலும் ஏரியும் பேசிக்கிட்டாத்தான் எங்க வீட்ல உலை கொதிக்கும்."

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்தப் பக்கத்து ஜனங்கள் பார்த்த முதல் பெரிய கம்பெனி சிப்காட்டில் வந்ததல்ல. 1602-லேயே பங்கு விற்று ஆரம்பித்த டச்சுக் கம்பெனி. அது 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டது. 1799-ல் கம்பெனியே இழுத்து மூடப்பட்டது. நெசவாளிக்கு யாராவது நோட்டீஸ் கொடுத்திருப்பார்களா? மிஞ்சியது ஏரி. அதன் வாயில் மணல் சேராமல் இருந்தால், முறையும் மிஞ்சும்.

பையன் இன்னமும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறான். அப்பாவுக்கு முறை வருகிற நாளுக்கு முன்னால் என் ஜன்னல் பக்கம் வந்து தலையைச் சொறிவான். "அண்ணே, ஒரு ஷிப்ட் மாத்தி..."

மாற்றித்தான் கொடுக்கிறேன். இரண்டு சார்ட்டில் எது பழசு என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் ரூமுக்கு இறால் வந்தால், அது லஞ்சத்தில் சேராது என்பது ரூம்மேட்டின் தீர்ப்பு. பந்தயத்தில் தோற்ற பிரியாணியை அவர் இன்னும் வாங்கித் தரவில்லை என்பது வேறு விஷயம்!