விரலைத் தூக்குவது எப்படி

திங்கள், இரவு

பாலசமுத்திரத்தில் இன்று மின்சாரம் போகவில்லை, காற்றில் விரலால் வரையும் நிரலின் வேலை ஓடியது. கேமராப் படத்தை ஓபன்சிவி என்ற நிரல் தொகுப்பு எடுத்துத் தருகிறது. மீடியாபைப் என்ற கருவி அதில் முதலில் உள்ளங்கையைத் தேடும். கிடைத்ததும் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 21 புள்ளிகள் வைக்கும். ஆள்காட்டி விரல் நுனிக்கு எண் 8. அந்தப் புள்ளி போகிற வழியில் கோடு இழுத்தால் திரையில் ஓவியம். கூகுள் மீடியாபைப்பை 2019இல் வெளியிட்டதால்தான் என் பழைய மடிக்கணினிக்கும் இந்த ஆசை வந்தது.

புதன்

கேமரா நொடிக்கு 30 படம் எடுக்கிறது. கை வேகமாகப் போனால் நடுவில் இடைவெளி விழும். முந்தைய புள்ளியையும் இப்போதைய புள்ளியையும் கோட்டால் சேர்த்தாயிற்று. நடுக்கத்தைக் குறைக்கச் சராசரி எடுத்தால் கோடு விரலுக்குப் பின்னால் இழுபடுகிறது. கோணல் கோட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், தாமதக் கோட்டை முடியாது. கொஞ்சம் நடுக்கம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளி

வரைவதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. காகிதத்திலிருந்து பேனாவைத் தூக்கலாம்; காற்றில் எதிலிருந்து தூக்குவது? அமெரிக்காவில் மைரன் க்ரூகர் 1970களில் தொடங்கிய வீடியோபிளேஸ் என்ற கணினிக் கலையமைப்பில் ஒற்றை விரல் நீட்டினால் வரையும், ஐந்து விரலும் விரித்தால் அழியும். நான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டினால் கோடு, பிரிந்தால் நிறுத்தம் என்று வைத்தேன். கை தள்ளிப் போனால் இடைவெளி சிறுத்துத் தெரியும் என்பதால், அதை உள்ளங்கை நீளத்தால் வகுக்க வேண்டும். ஒட்டுவதற்கு ஓர் அளவு, பிரிவதற்குச் சற்றுப் பெரிய அளவு. ஒரே அளவு வைத்தால் எல்லையில் கோடு விட்டுவிட்டுத் துடிக்கும்.

ஞாயிறு

வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த அம்மாவைத் திரை முன் நிறுத்தினேன். புள்ளி வைத்துச் சுற்றப் போனார். கோடு வர வேண்டிய இடத்தில் வரவில்லை, வேண்டாத இடத்தில் வந்தது.

“ஏங்கண்ணு, இறுக்கிப் புடிச்சா மாவு எப்படி விழும்? விட்டாத்தானே விழும்?”

அவர் விரல்களுக்கு என் விதி தலைகீழ். அதைத் திருப்பிப் போட ஒரு வரி போதும். ஆனால் அவர் விடுவது மயிரிழை அளவு. திரைப் புள்ளியின் இயல்பான நடுக்கமே அதைவிடப் பெரிது. விரல் எங்கே இருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியும், எவ்வளவு அழுத்துகிறது என்று தெரியாது. கோலத்தைக் கணினி இலக்கணமாக்கிய ஆய்வு நம் ஊரிலேயே உண்டு: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் 1974இல் எழுதியது. அது முடிந்த கோலத்தின் வடிவைப் பேசுகிறது. எனக்கு வேண்டியது மாவு விழும் கணம்.

சாயங்காலம் வேறு வழி தேடினேன்: வலது கை வரையட்டும், இடது கையைத் தூக்கியிருக்கும்வரை கோடு விழட்டும். அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப மாவுக் கொட்டாங்குச்சிய எந்தக் கையில புடிக்கிறது?”