அறிவிப்புப் பலகைக்குக் கீழே

சுற்றுச்சூழல் கல்விதான் என் துறை என்று சொன்னதும், "மரம் நடுகிற வேலையா?" என்று பலரும் கேட்பார்கள். மரக்கன்று நடுவதும், ஓவியப் போட்டி வைப்பதும், பேரணி போவதும் இந்தத் துறையில் உண்டு. ஆனால் இத்தனை வருடங்களாக என்னைப் பிடித்துவைத்திருப்பது வேறொரு கேள்வி. இயற்கையைக் காக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், தெரிந்தபடி நடப்பது எப்போது? தெரிந்தும் நடக்காமல் போவது ஏன்?

சுற்றுச்சூழல் பாடம் நம் கல்லூரிகளுக்குள் வந்தது உச்ச நீதிமன்றத்தின் வழியாக. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று வந்த தீர்ப்பு, திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகள் காட்டச் சொன்னது. வானொலியும் தொலைக்காட்சியும் இதைப் பேச வேண்டும் என்றது. பள்ளி, பல்கலைக்கழகங்களில் கட்டாயப் பாடமாக்க வழிசெய்தது. அதன் தொடர்ச்சியாக 2003-ல் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. பி.காம். படித்தாலும் பி.ஏ. தமிழ் படித்தாலும் ஓசோன் படலத்தைப் பற்றிப் படித்தாக வேண்டும் என்று ஆனது.

இது சின்னச் சாதனை அல்ல. லட்சக்கணக்கான பிள்ளைகள் உணவுச் சங்கிலியையும் பல்லுயிர்ப் பெருக்கத்தையும் அறிந்துகொண்டார்கள். ஆனால் 1977-ல் ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் கூடிய நாடுகள், சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து இலக்குகளை வைத்தன: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நம் வினாத்தாள்கள் முதல் இரண்டோடு நின்றுவிட்டன. திறனுக்கும் பங்கேற்புக்கும் மதிப்பெண் கிடையாது. அதனால் அவற்றுக்கு வகுப்பும் கிடையாது.

இந்த இடைவெளி உலகம் முழுவதும் உண்டு. 1987-ல் ஹைன்ஸ், ஹங்கர்ஃபோர்டு, டொமெரா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 128 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சிக்கலைப் பற்றிய அறிவு தேவைதான். அதோடு என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதும், நான் செய்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கையும், செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதும், இது என் பொறுப்பு என்ற உணர்வும் சேரும்போதுதான் மனிதர்கள் இறங்கிச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

இதைப் புத்தகத்தில் படித்ததைவிடச் சேர்வராயன் மலையில் தெளிவாகப் பார்த்தேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ஒரு குடும்பம் காரை ஓரம் கட்டியது. "குரங்குகளுக்கு உணவு அளிக்காதீர்" என்ற பலகையைக் காட்டி, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார் அப்பா. சிறுமி ஒரு பிழையும் இல்லாமல் படித்தாள். "வெரிகுட்டும்மா" என்று பாராட்டிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார், குரங்குக்குப் போடுவதற்காக.

அவர் கெட்டவர் அல்லர், படிக்காதவரும் அல்லர். முன்னால் நின்ற காரிலும் அதைத்தான் செய்தார்கள். சாலையோரத்தில் வாழைப்பழத் தோலும் சிப்ஸ் பாக்கெட்டும் கிடந்தன. இங்கே எல்லாரும் போடுகிறார்கள் என்று தரை சொன்னது. போடாதே என்று பலகை சொன்னது. ஜெயித்தது தரை. பிள்ளையின் சிரிப்பு அந்த நிமிடமே கிடைத்துவிடுகிறது. காட்டில் இரை தேடுவதை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்த குரங்கு வண்டியில் அடிபடுவது என்றைக்கோ நடக்கிறது. அதைப் பார்க்க அந்தக் குடும்பம் அங்கே இருப்பதில்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போய்விடுவார்கள். உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் நடைபாதையில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டு, பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். 'பலர் எடுத்துச் சென்றதால் காடு மாறிவிட்டது' என்று வருத்தத்தோடு சொன்ன பலகை இருந்தபோது சுமார் 8 விழுக்காடு துண்டுகள் களவு போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று நேராகச் சொன்னபோது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லாரும் குப்பை போடுகிறார்கள் என்று புலம்புவதே குப்பை போட அனுமதி கொடுப்பதாக ஆகிவிடும். நம் ஊர் விழிப்புணர்வு நோட்டீஸ்களை எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போனால் மஞ்சக்குட்டை. காப்பித் தோட்டங்களும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளும் கலந்த மலைக் கிராமம். கேள்வித்தாளோடு அங்கே ஒரு பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். 'காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறீர்களா, ஓரளவா?' என்று படித்தேன். அவர் காப்பிக்கொட்டை பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ஏங்கண்ணு, இத நீ கேக்கறயா, ஃபாரஸ்ட்காரங்க கேக்கச் சொன்னாங்களா?" என்றார். நான்தான் கேட்கிறேன் என்றதும், "அப்படின்னா எழுதிக்க. கோயில் மரத்துல காஞ்ச குச்சிகூட நாங்க ஒடிக்க மாட்டோம். சுள்ளி வேற எடத்துலதான் பொறுக்குவோம். அதுக்கு மேல கேக்காத" என்றார்.

என் துறையின் முறையியல் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆகையால் வாய் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தையை அளக்க முடியாது. கோயில் மரத்தைக் காப்பது ஒருவருடைய தனி மனப்பான்மையும் அல்ல. ஊர் முழுவதும் கூடிக் காக்கும் கட்டுப்பாடு.

அங்குள்ள சிறு விவசாயிகளிடம் பேசியபோது இன்னொன்றும் புரிந்தது. பலாவும் பிற நாட்டு மரங்களும் நிழல் தந்த காப்பித் தோட்டங்களில் இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் நிறைந்திருக்கிறது. அது சீக்கிரம் வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ விற்றுப் பணமாக்கலாம். நாட்டு மர நிழலில் என்னென்ன பறவை வரும் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு வகுப்பெடுப்பதால் மரம் மாறாது. காப்பிக்கும் பலாவுக்கும் கட்டுப்படியான விலை கிடைத்தால் மாறும். அறியாமை காரணமாக இல்லாத இடத்தில் அறிவைக் கொண்டுபோய்க் கொட்டுவது கல்வி ஆகாது.

நடத்தை நிலைத்துவிட்ட ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போகலாம். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வெடி கேட்டு அழும் வயதில் உள்ள பிள்ளையும் சும்மா இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் வெடிக்கவில்லை, எதிர்வீட்டிலும் வெடிக்கவில்லை என்று அதன் கண்ணே காண்கிறது. வனத்துறை ஆண்டுதோறும் இனிப்பு கொடுத்து அந்த ஊரைச் சிறப்பிக்கிறது. கண்ணால் காணும் வழக்கம், ஊரின் பெருமிதம், வெளியிலிருந்து ஓர் அங்கீகாரம்: மூன்றும் சேர்ந்தால் சட்டத்துக்கு வேலை குறைவு.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களிடம் நான் மறைக்காமல் சொல்வது இதுதான். உங்களைத் தாவரவியல்காரர்கள் கல்வியியல் ஆள் என்பார்கள்; கல்வியியல்காரர்கள் உளவியல் ஆள் என்பார்கள். ஆராய்ச்சி நிதி இரண்டு மூன்று ஆண்டில் முடியும். ஒரு பழக்கம் வேர்பிடிக்க அதைவிட அதிக காலம் ஆகும். ஆகவே நிதி முடிந்த பிறகும் போக மனமுள்ள ஊரைத் தேர்ந்தெடுங்கள். கண்டறிந்ததை ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பும் முன்பே அந்த ஊர்க் கூட்டத்தில் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் திருத்துவது எந்த மதிப்பீட்டாளர் திருத்துவதையும்விடப் பயன் தரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசுபாட்டின் வகைகளை எழுதச் சொல்லும் பத்து மதிப்பெண்ணில் பாதியையாவது, தெருவில் ஒரு மாதம் மாணவர் செய்த வேலைக்குக் கொடுங்கள்.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சட்டமும் பையும் தயாராக உள்ளன. வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு வாருங்கள், குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள், குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். இவற்றைப் பின்னால் வரும் காரில் இருப்பவர்கள் பார்க்கும்படி செய்யுங்கள். அவர்கள் பலகையைப் படிப்பார்களோ இல்லையோ, உங்களைப் பார்ப்பார்கள்.