வழி கேட்கும் முன் உயரத்தைச் சொல்லுங்கள்



சொந்த ஊரை விட்டு மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறினவர்கள் நாம். நம் பிள்ளைகளில் சிலரோ நம்மையும் தாண்டி, கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு இந்நாட்களில் ஒரு புதிய அழைப்பு வருகிறது: “இந்த முறை ஓட்டலில் தங்க வேண்டாம்; வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாம்.” அப்படிப்பட்ட ஒரு பிரயாணத்தில் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தில் வசிக்கும் என் மருமகன், கடந்த கோடைக்காலத்தில் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார். பேருந்தைப் போன்ற அந்த வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை யாவும் உண்டு. நீளம் 32 அடி. அடுப்புக்கும் வெந்நீருக்கும் வேண்டிய புரொப்பேன் வாயு, வண்டியோடு பொருத்தப்பட்ட தொட்டியில் இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் மருமகன் என்னிடம், “மாமா, இந்த வண்டிக்கென்றே செய்யப்பட்ட ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்” என்றார். விலையைக் கேட்டேன். சில நூறு டாலர்கள். “கையில் இருக்கிற போனே வழி சொல்லும்போது, இது வீண் செலவு அல்லவா?” என்றேன். பெரியவர் சொன்ன வார்த்தையைத் தட்ட மனமில்லாமல் அவர் வாங்காமல் விட்டுவிட்டார். அந்த ஆலோசனையைக் கொடுத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கனெக்டிகட் கடற்கரையை நோக்கி 95-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே புறப்பட்டோம். பால்டிமோர் நகரத்தை நெருங்கினபோது துறைமுகத்தின் அடியில் செல்லும் சுரங்கப்பாதைக்குப் போகும்படி போன் சொல்லிற்று. 1985-இல் திறக்கப்பட்ட போர்ட் மெக்ஹென்றி சுரங்கம் அது. 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் கலன் உள்ள எந்த வண்டிக்கும் அதற்குள் அனுமதியில்லை. நெருப்புப் பிடித்தால் சுரங்கத்திலுள்ள அனைவருக்கும் ஆபத்து என்பதே காரணம். எச்சரிக்கைப் பலகையைக் கண்டபோதுதான் மருமகனுக்கு வண்டியிலிருந்த தொட்டி ஞாபகம் வந்தது. சுரங்கத்துக்கு முந்தின கடைசி வெளிவழியில் வண்டியைத் திருப்பினார்.

அந்த வழி எங்களை ஒரு குறுகலான தெருவுக்குள் கொண்டுபோய் விட்டது. இருபுறமும் ஒட்டிக்கட்டிய செங்கல் வீடுகள். இருபுறமும் நிறுத்தப்பட்ட கார்கள். தலைக்குமேல் தாழ்ந்து தொங்கும் கம்பிகள். முன்னே போக முடியவில்லை. பின்னே வரிசையாய் வாகனங்கள். வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, பின்னால் நின்றவர்களை விலகச் செய்து, கைகாட்டிக் கைகாட்டி அங்குலம் அங்குலமாய் எங்களைப் பின்னோக்கி வரவழைத்தார். நாற்பது நிமிடங்கள் ஆயின. பேரப்பிள்ளைகள் பயந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. மருமகனின் கைகள் நடுங்கினதை நான் பார்த்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிக வருத்தமாயிருந்தது.

அன்பானவர்களே, போன் பொய் சொல்லவில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மாத்திரம் கணிக்க உதவும். நாம் எவ்வளவு உயரம், எவ்வளவு பாரம், எதைச் சுமந்து செல்கிறோம் என்பதை அவை அறியா. நம் கையிலுள்ள சாதாரண வரைபடச் செயலி அவற்றை நம்மிடம் கேட்பதுமில்லை. நம்மை ஒரு சிறிய கார் என்றே எண்ணி வழி சொல்லுகிறது. ஆகவே பெரிய வண்டிக்குக் கருவி தெரிந்துகொள்ளுகிறவர்கள் கவனிக்கவேண்டிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, கருவி நம்முடைய அளவைக் கேட்கிறதா என்று பாருங்கள். கார்மின், ராண்ட் மெக்னல்லி ஆகிய நிறுவனங்கள் மோட்டார்ஹோமுக்கென்று தனிக் கருவிகளைச் செய்கின்றன. அவற்றில் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். வாயுத் தொட்டி உண்டா என்பதையும் குறிக்கக்கூடிய கருவியே நல்லது. அந்த அளவுகளுக்கு ஒவ்வாத பாதைகளைக் கருவி கூடியவரை விலக்கும்.

இது ஏன் முக்கியம்? வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் உண்டு. அதன்கீழ் இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம் மாத்திரமே. எச்சரிக்கைப் பலகைகளும் மின்விளக்குகளும் இருந்தும், எத்தனையோ வாடகை லாரிகளின் கூரையை அது சீவியெடுத்தது. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தி 12 அடி 4 அங்குலமாக்கினார்கள்; அதன்பின்னும் வண்டிகள் மோதத்தான் செய்தன. நாங்கள் போகவிருந்த வழியில் நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் ‘பார்க்வே’ என்னும் அழகிய பழைய சாலைகள் இருக்கின்றன. கார்களுக்கென்றே அமைக்கப்பட்ட அவற்றின் குறுக்கே தாழ்வான பாலங்கள் நிற்கின்றன. காருக்கு வழி சொல்லும் கருவிக்கோ அதுவும் நல்ல குறுக்குவழியே.

நீளமும் அப்படியே. மொன்டானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையில், நடுப்பகுதியைக் கடக்க 21 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதியில்லை.

இரண்டாவது, வரைபடம் கருவிக்குள்ளேயே இருக்கவேண்டும். அது காலாகாலத்தில் புதுப்பிக்கப்படவும் வேண்டும். மலைகளிலும் பூங்காக்களிலும் போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் அநேகம். செயற்கைக்கோளின் சமிக்ஞைக்குப் போன் சிக்னல் தேவையில்லை. வரைபடம் உள்ளே இருந்தால் போதும். ஆனால் பழைய வரைபடம் நம்மை ஏமாற்றும். வாயுத் தொட்டியுள்ள வண்டிகள் பால்டிமோர் சுரங்கங்களைத் தவிர்த்துச் செல்ல, முன்பு பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் உதவிற்று. 2024 மார்ச் 26 அதிகாலையில் ஒரு சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. இரவுவேளையில் அதன்மேல் சாலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த, பிழைப்புக்காக அயல்நாடுகளிலிருந்து வந்திருந்த ஆறு தொழிலாளர்கள் மாண்டுபோனார்கள். அதுமுதல் இத்தகைய வண்டிகள் 695-ஆம் எண் வட்டச்சாலையில் நகரத்தின் மேற்குப்புறமாய்ச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. பழைய வரைபடமோ அந்தப் பாலம் இன்னும் நிற்கிறதென்றே எண்ணும்.

யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவில் 1930-இல் திறக்கப்பட்ட மலைச்சுரங்கத்திலும் இப்படியே. எதிர்வரும் வாகனங்களை நிறுத்திவிட்டுப் பெரிய வண்டிகளை அனுப்பும் வழக்கம் பல்லாண்டுகள் இருந்தது. 2026 ஜூன் 7 முதல் 11 அடி 4 அங்குலத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அந்த அனுமதியும் இல்லை என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது.

நம் தேசத்திலும் இதை அறிந்திருக்கிறோம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்கு அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் உயிரிழந்தார்கள். ஜி.பி.எஸ். காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகச் செய்திகள் கூறின. ஆகவே வரைபடப் புதுப்பிப்பு கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவியையே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பிரயாணத்துக்கு முன்பும் புதுப்பியுங்கள்.

மூன்றாவது, கருவி முன்கூட்டியே பேசவேண்டும். பெரிய வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்தவோ திருப்பவோ முடியாது. சிலர் மோட்டார்ஹோமின் பின்னால் ஒரு சிறிய காரையும் இழுத்துச் செல்லுகிறார்கள். நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுக்கப்படும் அந்தக் காரைக் கழற்றாமல் பின்னோக்கிச் செல்வது ஏறக்குறைய முடியாத காரியம். எனவே எந்த வரிசையில் செல்லவேண்டும், எங்கே செங்குத்தான இறக்கம், எங்கே கூர்மையான வளைவு என்பதைத் தூரத்திலேயே அறிவிக்கும் கருவி வேண்டும். ஓட்டுநரின் இருக்கைக்கும் முன்கண்ணாடிக்கும் தூரம் அதிகமாகையால் திரை 7 அங்குலத்துக்குக் குறையாமலிருப்பது நல்லது; 8 அல்லது 10 அங்குலமானால் கண்ணுக்குச் சுகம். கேமரா, பாட்டு முதலான மற்ற வசதிகளைக் கண்டு மயங்கவேண்டாம்.

நான்காவது, எவ்வளவு நல்ல கருவியானாலும் அதன் வார்த்தையைவிடச் சாலையோரப் பலகையின் வார்த்தையே மேலானது. புதிதாய்த் தார் போட்டு உயர்ந்துவிட்ட சாலையைக் கருவி அறியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தூங்காமல் பலகைகளை வாசித்துச் சொல்லவேண்டும். அது என்னைப் போன்ற மாமனார்களுக்கு ஏற்ற வேலை!

அன்றிரவு முகாமிடத்தில் வண்டியை நிறுத்தினபின்பு மருமகனிடம், “நான் தவறான ஆலோசனை சொல்லிவிட்டேன், தம்பி” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அளவுநாடாவை எடுத்து வந்தார். அவர் ஏணியில் ஏறிக் கூரையில் நாடாவைப் பிடிக்க, நான் தரையில் பிடித்தேன். வண்டியோடு வந்த ஏட்டில் உயரம் 11 அடி 6 அங்குலம் என்று எழுதியிருந்தது. பழைய உரிமையாளர் கூரைமேல் வேறொரு ஏ.சி. பெட்டியைப் பொருத்தியிருந்தார், அதை ஏடு அறியவில்லை. நாங்கள் அளந்தபோது 12 அடி 5 அங்குலம் இருந்தது. உயர்த்தப்பட்ட டர்ஹாம் பாலத்தின்கீழும் அது ஓர் அங்குலம் இடிக்கும்.

மறுவாரம் கருவி வாங்கப்பட்டது. முதன்முதலாய் அது கேட்ட கேள்வி, வண்டியின் உயரம் என்ன என்பதே. மருமகன் கூடுதலாக மூன்று அங்குலம் சேர்த்து 12 அடி 8 அங்குலம் என்று பதித்தார். அதே எண்ணை என் பேத்தி ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டிவைத்தாள்.

பிள்ளைகளோடு இப்படிப் பிரயாணம் போகும் பெற்றோரே, அவர்கள் நல்ல கருவி வாங்க விரும்பினால் என்னைப்போல் தடுக்காதிருங்கள். கருவியில் அளவைப் பதிக்கும் முன் அளவுநாடாவின் மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.